இயந்திரம் இலக்கைக் காட்டும்போது போர்வீரனுக்கு என்ன வேலை?

வெலிங்டன் சுபேதார் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வெலிங்டன் பயிற்சித் திடலிலிருந்து எழும் 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்னும் முழக்கம் விடியற்காலையில் மூடுபனியைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் வந்துவிடும் என்பது குன்னூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற வாரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் பேரன், பதினோராம் வகுப்பில் படிப்பவன், "தாத்தா, இனிமேல் ட்ரோன்தானே சண்டை போடப் போகிறது, இவர்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி?" என்று கேட்டான். போய்ப் படி என்று அதட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

நான் தரைப்படையின் வான் பாதுகாப்புப் பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எல்-70 பீரங்கியும் அதற்கு வழிகாட்டும் ரேடாருமே என் பிழைப்பு. எங்கள் பிரிவில் மூன்று சொற்களை உயிர்போல் மதிப்போம். 'வெப்பன் ஹோல்டு' என்றால் நம்மைத் தாக்கினாலொழியச் சுடக் கூடாது. 'வெப்பன் டைட்' என்றால் பகை விமானம் என்று உறுதியானதை மட்டும் சுடலாம். 'வெப்பன் ஃப்ரீ' என்றால் நம்முடையது என்று உறுதியாகாத எதையும் சுடலாம். இந்த மூன்றில் எது நடப்பில் இருக்கிறது என்பதை மேலே யாரோ ஓர் அதிகாரி சில மணி நேரத்துக்கு முன்பே முடிவு செய்திருப்பார். ஆகையால், விசையில் கால் வைத்திருக்கும் வீரன்தான் சுடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறான் என்னும் எண்ணம் என் காலத்திலேயே பாதிதான் உண்மை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, வானத்தில் வருவது என்ன, அது யாருடையது, எந்தப் பீரங்கி அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடும் என்றால், மீதிப் பாதியும் போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேத்தி மாணவி

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; கருவியைப் பற்றி ஓரளவு தெரியும்.

எங்கோ ஓர் அறையில் சிலர் கூடி 'இனி மனிதன் வேண்டாம்' என்று தீர்மானித்ததால் இது நடக்கிறது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உக்ரைன் போரில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அங்கே சில நூறு டாலர் விலையுள்ள சிறிய ட்ரோன்களை, கண்ணாடித் திரையை மாட்டிக்கொண்ட ஒருவர் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓட்டுகிறார். எதிர்த்தரப்பு ஜாமர் வைத்து அந்த வானலைத் தொடர்பை அறுக்கிறது. கோத்தகிரிச் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் கைபேசியில் பேச்சு அறுந்துபோகிறதே, அதுபோல இலக்கை நெருங்கும் கடைசிச் சில நூறு மீட்டரில் ஓட்டுபவரின் திரை வெறும் புள்ளிகளாகிவிடுகிறது. அதற்கு இரண்டு மாற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கண்ணாடி இழையை ட்ரோன் பின்னால் அவிழ்த்துக்கொண்டே போவது. இழையை ஜாமரால் ஒன்றும் செய்ய முடியாது. மற்றொன்று, ட்ரோனுக்குள்ளேயே ஒரு சிப்பை வைத்து, தொடர்பு இருக்கும்போதே ஓட்டுபவர் இலக்கைக் குறித்துக் கொடுத்துவிட, அதன்பின் படத்தைப் பார்த்துப் பார்த்து அதுவே போய் மோதும்படி செய்வது.

இரண்டாவது வழியில் மனிதன் எந்த இடத்தில் வெளியேறினான் என்று பாருங்கள். யாரும் அவனை நீக்கவில்லை. அலைவரிசை அறுந்தது, அவன் இல்லாமல் போனான். இன்று கடைசி 300 மீட்டரில் இல்லை. அடுத்த ஆண்டு சிப் இன்னும் நன்றாக வந்தால் கடைசி 3 கிலோமீட்டரில் இருக்க மாட்டான். இந்தத் தொலைவு நீள்வதை எந்த நாடும் ஓர் அறிவிப்பாக வெளியிடப் போவதில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அருவங்காடு ஓய்வூதியர்

நான் கார்டைட் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் தினமும் எங்களை உள்ளே விடுவார்கள். அங்கே நாங்கள் செய்த வெடிமருந்து எந்தத் துப்பாக்கிக்குப் போனது, எந்தப் போரில் எரிந்தது, யாரைக் கொன்றது என்று எங்களுக்கு ஒருநாளும் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனோம். கொல்லுகிற செயலைப் பல கைகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்து, ஒரு கைக்கும் கனம் தெரியாமல் செய்துவிடுவது நூறாண்டுக்கும் மேலான பழக்கம். கணினி அந்த வரிசையில் இன்னும் ஒரு கை. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, சுபேதார் ஐயா. கண்ணிவெடியைப் புதைத்துவிட்டு வருகிறவன் மட்டும் மிதிப்பவரின் முகத்தைப் பார்த்தா முடிவு செய்கிறான்?

கோத்தகிரி வழக்குரைஞர்

அருவங்காட்டுப் பெரியவரின் கண்ணிவெடி உவமை நன்றாகவே பொருந்துகிறது. காலடியின் கனம் ஒன்றையே அறிந்த, யார் என்று கேட்கத் தெரியாத தானியங்கி ஆயுதம்தான் அது. அதனால்தான் 1997இல் ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளுக்குத் தடை உடன்படிக்கை வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. ஆயினும் புதிதாக ஒன்றும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணிவெடி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இப்போதைய கருவிகள் பெயர்ப்பட்டியலே போட்டுக் கொடுக்கின்றன.

காஸா போரில் இஸ்ரேல் ராணுவம் 'லாவண்டர்' என்னும் கணினி அமைப்பைப் பயன்படுத்தியதாக, உளவுப் பிரிவினர் ஆறு பேரின் வாக்குமூலங்களைக் கொண்டு ஓர் இணைய இதழ் 2024 ஏப்ரலில் செய்தி வெளியிட்டது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று ஏறக்குறைய 37,000 பேரை அது குறித்ததாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு தவறாக இருக்கும் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டதாகவும், ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க மனிதர் செலவிட்டது சில வேளைகளில் 20 நொடிதான் என்றும், அந்த 20 நொடியும் குறிக்கப்பட்டவர் ஆணா என்று பார்ப்பதற்கே போனது என்றும் அவர்கள் கூறியதாக அச்செய்தி சொல்கிறது. ராணுவம் இதை மறுத்தது. லாவண்டர் என்பது தகவல்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தரவுத்தளம் மட்டுமே, முடிவெடுப்பவர்கள் ஆய்வாளர்களே என்றது. எது மெய் என்னும் வழக்கை இங்கே நாம் தீர்க்க முடியாது. ஆனால் 'மனிதர் ஒப்புதல் அளித்தார்' என்னும் சொற்றொடருக்குள் 20 நொடியும் அடங்கும், இரண்டு நாளும் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் நீதிமன்றத்தில் கட்டுக்கட்டாக ஆவணங்களில் கையெழுத்து விழுவதைப் பார்க்கிறவன் நான். படித்துப் போட்ட கையெழுத்துக்கும் போட்டுத் தள்ளிய கையெழுத்துக்கும் மையில் வேறுபாடு தெரியாது.

நெறியாளர்

படைமுகாம் ஒன்றின் உள் அமைப்பை விவரித்த ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. நம் மாவட்டத்தில் இத்தகைய இடங்கள் பல இருப்பதால், பொதுவெளியில் உள்ள செய்திகளோடு நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். விவாதம் தொடரலாம்.

வெலிங்டன் சுபேதார்

நெறியாளருக்கு நன்றி. நானும் என் பிரிவின் பெயரையோ இடத்தையோ எங்கும் எழுதப் போவதில்லை.

நேரத்தைப் பற்றி வழக்குரைஞர் எழுதியதைப் படித்தபோது, எங்கள் பிரிவில் திரும்பத் திரும்பப் பாடமாக நடத்தப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வந்தன. இரண்டும், வானில் வரும் விமானத்தையும் ஏவுகணையையும் சுட்டு வீழ்த்தும் அமெரிக்கர்களின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பில் நடந்தவை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட், ஈராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணையைச் சுடவே இல்லை. 28 வீரர்கள் மாண்டார்கள். நேரத்தைக் கணக்கிடும் முறையில் மிகச் சிறிய பிழை ஒன்று இருந்தது. அணைக்காமல் நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடியதில் அது திரண்டு நொடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கருவி வானத்தில் தப்பான இடத்தைப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது. நீண்ட நேரம் ஓடவிட்டால் கோளாறு வரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நீண்ட நேரம் என்றால் எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் போய்ச் சேர்ந்தது.

2003இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஈராக் போரின் தொடக்கத்தில், குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தைத் தன்னை நோக்கி வரும் ஏவுகணை என்று பேட்ரியாட் வகைப்படுத்தியது. நம்மவரா பகைவரா என்று அறியும் அடையாளக் கருவியும் அப்போது வேலை செய்யவில்லை. குழுவினருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. சுட்டார்கள், விமானிகள் இருவரும் இறந்தார்கள். அங்கே பொத்தானை அழுத்தியது மனிதன்தான். திரை 'ஏவுகணை' என்கிறது, அது உன் தலைக்கு நேராக வருகிறது, கையில் இருப்பது ஒரு நிமிடம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், 'மாட்டேன்' என்பதற்கு அந்த நேரம் போதாது. சுடுவதற்கு அதில் பாதி போதும்.

காட்டேரி வாசி

அனைவரும் மனிதனைத் தூக்கிப் பிடித்தே எழுதுகிறீர்கள். மனிதனின் கண்ணும் காதும் எவ்வளவு நம்பத்தக்கவை? 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததை எங்கள் ஊரார் மறக்க மாட்டார்கள். போர்வையையும் தண்ணீர்க் குடங்களையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்தாம். வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று விசாரணைக் குழு கூறியது. தேர்ந்த விமானிக்கே மேகத்துக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம். கருவிக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. பசி, தூக்கம், பயம், பழிவாங்கும் வெறி இவையும் கிடையாது. போரில் நடந்த கொடுமைகளில் பெரும்பாலானவை இந்த நான்கினாலும் நடந்தவை அல்லவா?

கேத்தி மாணவி

காட்டேரி அண்ணா சொல்வதற்குச் சான்று இருக்கிறது. அதை நானே எடுத்துத் தருகிறேன். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கப்பலின் ஏஜிஸ் கணினி சரியாகவே காட்டியது. அது தங்களைத் தாக்க இறங்கி வருகிறது என்று நம்பியவர்கள் மனிதர்கள். அன்று கருவி சொன்னதைக் கேட்டிருந்தால் 290 பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அளவீடு. அது கருவிக்குக் கைவந்த கலை. இவன் போராளியா, வயலுக்குப் போகிறவனா என்பது அளவீடு அன்று. படங்களைக் காட்டி நான் பழக்கிப் பார்த்த சிறிய மாடல்களில்கூட, அதாவது செயற்கை நுண்ணறிவு நிரல்களில்கூட, இதைக் காண்கிறேன். தனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டினால் அது விழிப்பதில்லை. தெரிந்த பெயர்களில் ஒன்றைச் சூட்டி, 94 விழுக்காடு உறுதி என்று பக்கத்தில் எண்ணும் போட்டுவிடுகிறது. எங்கள் வீட்டுக் கேரட் தோட்டத்தில் எடுத்த படத்தில், தொப்பியும் போர்வையுமாகக் குனிந்திருந்த என் பாட்டியை அது ஆடு என்றது. சிரித்துவிட்டு நீக்கினேன். அப்படிச் சிரித்துவிட்டு நீக்க முடிந்ததற்குக் காரணம், அது வெறும் படம் என்பதுதான்.

மசினகுடிக் காவலர்

எனக்கு இவ்வளவு படிப்பு இல்லை. வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறேன். 2021இல் டி23 புலியைத் தேடிய மூன்று வாரங்களும் காட்டுக்குள் இருந்தேன். அதிலிருந்து ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

நான்கு உயிர்கள் போயிருந்தன. ஊர் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. கொல்லலாம் என்று உத்தரவும் வந்துவிட்டது. எங்களிடம் ட்ரோன் இருந்தது, கேமராக்கள் இருந்தன, கும்கி யானைகள் இருந்தன. ஆனால் கேமராவில் ஒரு புலி விழுந்துவிட்டது என்பதற்காக அது அந்தப் புலிதான் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு புலிக்கும் கோடு வேறு. அதுவும் இடப்பக்கக் கோடு ஒரு மாதிரி, வலப்பக்கக் கோடு வேறு மாதிரி. பழைய படம் இடப்பக்கமாக இருந்து, புதுப் படம் வலப்பக்கமாக விழுந்தால் இரண்டையும் ஒப்பிடவே வழியில்லை. அப்போது 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். கீழே சாலையில் மக்கள் மறியல் செய்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். உடனே கொல்ல வேண்டாம், உயிருடன் பிடிக்கப் பாருங்கள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருவுக்கு அனுப்பினோம்.

மதுக்கரை ரயில் பாதையில் யானைகள் வருவதைக் கண்டுபிடிக்க 2024இல் வைத்த செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நாங்கள் எல்லோரும் பாராட்டுகிறோம். அந்தக் கருவி பாறையை யானை என்று தவறாகச் சொன்னாலும் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அதே கருவியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் நான் காட்டுக்குள் போக மாட்டேன்.

கோத்தகிரி வழக்குரைஞர்

காவலர் தம்பி எழுதியதைச் சட்டத்தின் மொழியில் சொல்வதென்றால், போர்ச் சட்டம் தளபதியிடம் கேட்பதும் இதையேதான்: ஐயம் இருந்தால் நிறுத்து. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையில் இது எழுத்தாகவே இருக்கிறது. அந்த நெறிமுறையில் இந்தியா உறுப்பு நாடு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தானியங்கி ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியபோது 152 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் விலகி நின்றன, நான்கு நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. அந்த நான்கு, ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனீவாவில் ஏற்கெனவே நடந்துவரும் பேச்சுவார்த்தையே இதற்கு உரிய இடம் என்பது நம் அரசின் நிலைப்பாடு. அந்த ஜெனீவா வல்லுநர் குழுவுக்கு 2017, 2018 ஆண்டுகளில் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தியா எதிர்த்தது சரியென்றோ தவறென்றோ இங்கே வாதிட நான் வரவில்லை. எல்லையின் இரு பக்கமும் பகை நாடுகள் உள்ளவர்கள் முன்கூட்டியே கையைக் கட்டிக்கொள்ளத் தயங்குவதில் ஒரு நியாயம் உண்டு. என் கேள்வி எளியது. நாளை நம் கருவி ஒன்று தவறான வீட்டைக் குறித்துக் கொடுத்து, நம் வீரர் ஒருவர் 20 நொடியில் ஒப்புதல் அளித்துவிட்டால், ராணுவச் சட்டப்படி நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்த வீரர். மாடலைப் பழக்கியவர் நிற்க மாட்டார். அதை வாங்கியவர் நிற்க மாட்டார். பத்தில் ஒன்று தவறினால் பரவாயில்லை என்று அளவு வைத்தவரும் நிற்க மாட்டார். மனிதனின் பங்கில் மீதிப் பாதியும் போய்விடுமா என்று இழையின் தொடக்கத்தில் ஐயா கேட்டார். பழியை ஏற்றுக்கொள்வதற்கென்றே ஒரு மனிதனை நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பங்குதானே?

அருவங்காடு ஓய்வூதியர்

புதிதாக ஒன்றுமில்லை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் விபத்து நடந்தால் விசாரணையில் முதலில் அழைக்கப்படுகிறவன், கடைசியாக வால்வைத் தொட்டவன்.

வெலிங்டன் சுபேதார்

பெட்ரோவ் என்னும் சோவியத் அதிகாரியைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1983 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவுக்குப் பின், அமெரிக்கா ஐந்து அணு ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று செயற்கைக்கோள் அமைப்பு அவருக்கு அறிவித்தது. உலகப் போரைத் தொடங்குகிறவன் ஐந்தோடு நிறுத்துவானா என்று யோசித்து, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அந்த அமைப்பு ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் நடந்த விசாரணையில் அவர் கண்டிக்கப்பட்டார். எதற்காகத் தெரியுமா? அந்த நிமிடங்களில் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்பதற்காக.

பதிவேடு என்றதும் என் பழைய நாள் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஆண்டும் இடமும் வேண்டாம். எல்லையில் பதற்றமான காலம். அன்று 'வெப்பன் ஃப்ரீ' நடப்பில் இருந்தது. காலை 6.40 மணிக்கு ரேடார் திரையில் தாழ்வாக ஒரு தடம் விழுந்தது. கருவி அதைப் பிடித்துக்கொண்டது, பீரங்கியின் குழாய் தானே திரும்பியது, கணக்கெல்லாம் சரி. நம்முடையது என்று உறுதியாகவில்லை, ஆகையால் சுட்டிருந்தால் யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. என் அதிகாரி திரையைப் பார்த்தார். வேகம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஒரு சீராக இல்லாமல் இருந்தது. "பொறு" என்றார். பதினைந்து நொடி கழித்து, வெளியே பைனாகுலரோடு நின்ற பையன் 'நாரைக்கூட்டம்' என்று கத்தினான்.

பதிவேட்டை எழுத வேண்டியவன் நான். நேரம், தடத்தின் எண், திசை, தொலைவு, சுட்ட குண்டுகளின் எண்ணிக்கை, விளைவு என்று பத்திகள் அச்சிட்டிருந்தன. சுடாமல் விட்டதை எழுத ஒரு பத்தியும் இல்லை. குண்டுகளின் எண்ணிக்கையில் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பறவை, அதிகாரி சொல்லி நிறுத்தியது' என்று சிறியதாக எழுதினேன்.

கேத்தி மாணவி

ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். போர்க் கருவிகளுக்கான மாடல்களைப் பழக்க, பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது வழக்கமான முதல் வேலையாக இருக்கும். அச்சிட்ட பத்திகளைத்தான் ஏற்றுவார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியதைத் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. அப்படிப் பழகிய மாடல் ஆயிரம் முறை சுட்டதைக் கற்றுக்கொள்ளும். உங்கள் அதிகாரி 'பொறு' என்ற அந்தக் காலை அதற்கு விழாத தடமாகிவிடும். அன்று வானத்தில் ஒன்றுமே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிவேடு இப்போது எங்கே இருக்கும்?

வெலிங்டன் சுபேதார்

அத்தகைய புத்தகங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, ஒரு குழு அமைத்து, எண்ணிக் கையெழுத்துப் போட்டு எரித்துவிடுவார்கள், மகளே. எரித்த குழுவில் நானும் இருந்தேன். அட்டையில் இருந்த எண்ணைச் சரிபார்த்துத் தீயில் போட்டேன். உள்ளே திறந்து பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.